சுழலும் சிறகும் பழகும் கையும்

ஆகாய விமானத்திற்கு இறக்கை இருப்பதை எல்லோரும் அறிவோம். ஹெலிகாப்டருக்கு இறக்கை எங்கே என்று ஒரு சிறுவன் கேட்டால், அதன் தலைக்கு மேலே சுழலும் நீண்ட தகடுகளைத்தான் சுட்டிக் காட்டவேண்டும். விமானம் ஓடுதளத்தில் ஓடித் தன் உடல் முழுவதையும் காற்றில் செலுத்தினால்தான் அதன் இறக்கை பயன் தரும். ஹெலிகாப்டரோ நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு இறக்கையை மட்டும் காற்றில் ஓட்டுகிறது. ஆகவே அதன் உயிர் அந்தச் சுழற்சியின் வேகத்தில் அடங்கியிருக்கிறது. விமானத்தின் எஞ்சின் நின்றுபோனாலும் இறக்கை அப்படியே இருக்கும். ஹெலிகாப்டரில் சுழற்சி தளர்ந்தால் இறக்கையே இல்லாமற் போகிறது. வேகம் ஓய்ந்த பம்பரம் தலை சாய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்த வேகத்தைக் காக்கும் பொறுப்பு நெடுங்காலம் விமானியின் இடது கையில் இருந்தது. பிறகு சிறிது சிறிதாக ஓர் இயந்திரத்தின் கைக்கு மாறியது. மாறிய பின்னரும், புதிதாகப் பழகுகிற இளைஞர்களின் உயிர் அதே இடது கையின் பழக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த வரலாற்றைத்தான் இன்று கூற எண்ணுகிறேன்.

கதை ஸ்பெயின் தேசத்தில் தொடங்குகிறது. ஜுவான் தெ லா சியர்வா என்னும் இளம் பொறியியலாளர் மூன்று எஞ்சின் பூட்டிய பெரிய விமானம் ஒன்றைக் கட்டினார். 1919-இல் அது தரைக்கு அருகில் பறக்கையில் வேகம் குறைந்து, இறக்கை தாங்கும் ஆற்றலை இழந்து, விழுந்து நொறுங்கியது. வேகம் குறைந்தாலும் விழாத விமானம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் அன்று ஊன்றியது. உடல் மெதுவாகச் சென்றாலும் இறக்கை வேகமாகச் செல்லவேண்டுமானால், இறக்கையைச் சுழலவிடுவது ஒன்றே வழி. பல தோல்விகளுக்குப் பின் 1923-இல் மாட்ரிட் நகருக்கு அருகில் அவருடைய ‘ஆட்டோஜைரோ’ பறந்தது.

அதில் ஒரு விசித்திரம் உண்டு. மேலே சுழலும் தகடுகளை எஞ்சின் சுழற்றவில்லை. எதிர்வந்த காற்றே சுழற்றியது. எஞ்சின் முன்னே இழுத்துச் செல்வதோடு சரி. குருக்கத்திக் கொடியின் காயைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூன்று சிறகுடைய அந்தக் காய் கொடியிலிருந்து கழன்றதும் தொப்பென்று விழுவதில்லை. சுழன்று சுழன்று மெல்ல இறங்குகிறது. விழுகிற வேகமே அதற்குச் சுழற்சியைத் தருகிறது. சுழற்சி விழுகிற வேகத்தைக் குறைக்கிறது. சியர்வா கண்ட இந்தத் தன்சுழற்சிதான் பின்னாளில் எஞ்சின் நின்றுபோன ஹெலிகாப்டர்களையெல்லாம் காப்பாற்றும் உபாயமாயிற்று. விழாத விமானத்தை நாடிய அம்மனிதர், 1936-இல் லண்டனை அடுத்த கிராய்டனில் ஒரு சாதாரணப் பயணிகள் விமானம் விழுந்தபோது அதிலிருந்து மாண்டார். விதியின் விளையாட்டு என்று சொல்வதைத் தவிர வேறென்ன சொல்வது!

சுழலும் தகடுகளை எஞ்சினே சுழற்ற, நின்ற நிலையில் மேலெழும் ஹெலிகாப்டரைப் பல நாட்டவர் முயன்றனர். அவர்கள் எல்லோரையும் பற்றிப் பேச நேரமில்லை. கீவ் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஈகோர் சிகோர்ஸ்கி 1939 செப்டம்பர் 14-ஆம் நாள் தம் ‘வி.எஸ்.300’ என்ற பொறியைத் தரையோடு கயிற்றாற் பிணைத்துக்கொண்டு சிறிதே மேலெழுப்பினார். 1940 மே மாதம் கயிறின்றிப் பறந்தார். 1941 மே 6-ஆம் நாள் 1 மணி 32 நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகவே வானில் நின்று, அதுவரை ஜெர்மானியர் வைத்திருந்த சாதனையை முறியடித்தார். அந்தப் பொறியின் வழித்தோன்றலான ‘ஆர்-4’ 1942 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்தது. பெருந்தொகையில் உற்பத்தியான முதல் அமெரிக்க ஹெலிகாப்டர் அதுவே. விமானிகளைக் கூட்டங்கூட்டமாகப் பழக்கவேண்டிய தேவையும் அதனோடு பிறந்தது.

இனி, அந்த விமானிகள் கற்கவேண்டியிருந்தது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மேலே சுழலும் அமைப்பைச் சுழலி என்றும், அதன் தகடுகளை அலகுகள் என்றும் அழைப்போம். விமானியின் இடப்பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதைத் தூக்கினால் எல்லா அலகுகளும் ஒருங்கே சற்றுத் திரும்பிக் காற்றை அதிகச் சாய்வோடு வெட்டுகின்றன, ஹெலிகாப்டர் மேலெழுகிறது. தாழ்த்தினால் இறங்குகிறது. ஆனால் சாய்வு அதிகமானால் காற்றின் தடையும் அதிகமாகும். அந்தத் தடையை வெல்ல எஞ்சினுக்கு மேலும் எரிபொருள் வேண்டும். எரிபொருட் கலவையின் வாயிலைத் திறந்து மூடுகிற ‘த்ராட்டில்’ என்பதை அதே நெம்புகோலின் நுனியில், மோட்டார் சைக்கிளில் உள்ளது போல, முறுக்கும் கைப்பிடியாக அமைத்திருக்கிறார்கள். ஆக, இடது கை ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்யவேண்டும். தூக்கும்போது திறக்கவேண்டும், தாழ்த்தும்போது மூடவேண்டும். இதில் ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் சுழலியின் வேகம் கெடும்.

இராட்டையில் நூற்றவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதன்று. வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை பஞ்சிலிருந்து இழையை இழுக்கிறது. சக்கரத்தின் வேகத்தை மீறி இழுத்தால் முறுக்கு ஏறாமல் இழை அறுந்துபோகும். சக்கரம் மிஞ்சினால் முறுக்கு மிகுந்து நூல் சுருண்டுகொள்ளும். இரண்டு கைகளும் ஒன்றையொன்று கேட்டு நடக்கப் பல வாரங்கள் பிடிக்கும். ஹெலிகாப்டர் மாணவனுக்கோ இரண்டு வேலையும் ஒரே கையில். வலது கை வேறொரு கோலைப் பிடித்துத் திசையைப் பார்த்துக்கொள்கிறது. கால்கள் இரண்டும் மிதிகளின் மேல். காலை அழுத்தினால் வாலில் உள்ள சிறு சுழலி ஆற்றலைக் கூடவோ குறையவோ வாங்கிக்கொள்கிறது. அதனாலும் பெரிய சுழலியின் வேகம் அசைந்துபோகிறது!

சரி, வேகம் சற்றுக் குறைந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். அலகு தரும் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் நூற்றுக்குத் தொண்ணூறாகக் குறைந்தால், அதே சாய்வில் தூக்குவிசை நூற்றுக்கு 81 ஆகிவிடும். ஹெலிகாப்டர் இறங்கத் தொடங்கும். அப்போது பழகாதவன் கை என்ன செய்யும்? இறங்குகிறதே என்று நெம்புகோலை இன்னும் தூக்கும். தூக்கினால் தடை மிகும். வேகம் இன்னும் குறையும். எஞ்சினும் சுழலியோடு பூட்டப்பட்டிருப்பதால் அதன் சுற்றும் குறைகிறது; சுற்றுக் குறைந்த எஞ்சின் தரக்கூடிய ஆற்றலும் குறைகிறது. எனவே மேலும் இறக்கம், மேலும் தூக்கல். ஓரெல்லையைத் தாண்டினால் அலகுகள் காற்றைப் பற்றும் ஆற்றலையே இழந்துவிடும். அதன் பிறகு அவற்றை மீண்டும் வேகப்படுத்த வழியில்லை.

மீட்சிக்குரிய செயல் இயல்புக்கு நேர் எதிரானது. த்ராட்டிலைத் திறந்துகொண்டே நெம்புகோலைத் தாழ்த்தவேண்டும். விழுகிறவன் மேலும் கொஞ்சம் விழ ஒப்பவேண்டும்; இருக்கிற உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கவேண்டும். தரை நெருங்கி வருகையில் இதைச் செய்ய எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் முற்றிலும் நின்றாலும் இதே பாடந்தான்: நெம்புகோலை உடனே தாழ்த்தவேண்டும். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் ஓடும்படி ஒரு ‘பிரீவீல்’ இருக்கிறதல்லவா? அதுபோன்ற ஏற்பாடு சுழலியை எஞ்சினிலிருந்து விடுவித்துவிடும். கீழிருந்து வரும் காற்று, சியர்வாவின் பொறியிற் போலவே, சுழலியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரைக்கு அருகில் வந்ததும், சுழற்சியிற் சேமித்த ஆற்றலை நெம்புகோலைத் தூக்கி ஒரே தடவையிற் செலவிட்டு மெத்தென்று இறங்கலாம். ஒரே தடவைதான்!

ஆர்-4 பற்றி ஒரு சிறு செய்தி. அதில் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரே ஒரு நெம்புகோல் இருந்தது. அதை இடக்கையாற் பிடிக்கவேண்டுமானால் வலப்புறம் உட்காரவேண்டும். விமானத்தில் தலைமை விமானி இடப்புறம் அமர, ஹெலிகாப்டரில் வலப்புறம் அமரும் வழக்கம் இதிலிருந்து வந்ததென்று சொல்வதுண்டு.

அந்த ஆர்-4 வகையைச் சேர்ந்த ஒரு பொறி நம் நாட்டு மண்ணிலிருந்து புறப்பட்டுப் பெரும் புகழ் பெற்றது. 1944 ஏப்ரல் மாதக் கடைசி. பர்மாக் காட்டில் ஜப்பானியப் படைகளின் பின்புறத்தில் ஒரு சிறு விமானம் கீழே இறங்க நேர்ந்தது. அதில் அமெரிக்க விமானி ஒருவரும், காயமுற்ற பிரிட்டிஷ் வீரர் மூவரும் இருந்தனர். விமானம் இறங்கிக் கூட்டிவரத்தக்க வெளி அருகில் இல்லை. அஸ்ஸாமிலுள்ள லாலாகாட் தளத்தில் நின்ற ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் அதிகாரி கிளம்பினார். அவருடைய எஞ்சின் 200 குதிரைத்திறனுக்கு மேற்படாதது. நம் மோட்டார் லாரிகளுக்கு அது போதும். நின்ற நிலையில் இரண்டு மனிதரைத் தூக்கிக்கொண்டு வானில் எழ அது மிகமிகக் குறைவு. அதிலும் சித்திரை வெயில். வெப்பக் காற்று இளகிப்போன காற்று. சுழலிக்கும் பிடிப்புக் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சுக் குறைவு. த்ராட்டில் முழுவதும் திறந்தபின் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. நெம்புகோலை ஓர் அங்குலம் அதிகமாகத் தூக்கினாலும் வேகம் சரியும். ஹார்மன் ஒரு தடவைக்கு ஒருவராக அவர்களை வெளிக்கொணர்ந்து, சிறு விமானம் இறங்கக்கூடிய மணல்திட்டில் சேர்த்தார். நடுவில் எஞ்சின் சூடேறி மறுத்துவிட, ஓர் இரவு காத்திருக்கவும் நேர்ந்தது. நால்வரும் பிழைத்தனர். போர்க்களத்தில் ஹெலிகாப்டர் மனிதரை மீட்ட முதல் நிகழ்ச்சி என்று இதைக் குறிப்பர்.

இந்த ஹார்மன் பிற்காலத்தில் இசை விமரிசகராகப் பெயர் பெற்றார் என்பது சுவையான செய்தி. அக்காலத்து ஹெலிகாப்டர் விமானி எல்லோருக்குமே காது நன்றாக இருக்கவேண்டியிருந்தது. எதிரேயுள்ள கடிகாரம் போன்ற மானியில் எஞ்சினின் வேகத்துக்கு ஒரு முள்ளும், சுழலியின் வேகத்துக்கு ஒரு முள்ளும் உண்டு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கவேண்டும். ஆனால் தரைக்கு அருகே மரத்தையும் கம்பியையும் பார்ப்பவன் முள்ளை எத்தனை தடவை பார்ப்பான்? எஞ்சினின் சுருதி இறங்குவதைக் காது முதலிற் கேட்டுவிடும். மணிக்கட்டு தானே திறந்துகொள்ளும்.

இந்தப் பழக்கத்தை ஆயிரக்கணக்கான இளைஞருக்கு ஊட்டிய பள்ளி ஒன்று டெக்ஸாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வோல்ட்டர்ஸ் என்ற இடத்தில் இருந்தது. 1956 முதல் 1973 வரை அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் அங்கேதான் அரிச்சுவடி கற்றனர். வியத்நாம் போர்க்காலத்தில் வானமே அடைபடும்படி சிறு ஹெலிகாப்டர்கள் அங்கே பறந்தன. எல்லாம் பெட்ரோல் எஞ்சின் கொண்டவை. த்ராட்டில் மாணவனின் பொறுப்பு. மாணவன் முள்ளைத் துரத்துவான். வேகம் குறைந்தது கண்டு அதிகமாகத் திறப்பான், அது எல்லை மீறும், அஞ்சி மூடுவான், மறுபடியும் குறையும். வேகம் அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்துத்தான். அலகுகளும் பற்சக்கரங்களும் அந்த இழுப்பைத் தாங்கமாட்டா. நல்ல ஆசிரியர் த்ராட்டிலைப் பற்றி மட்டும் நாட்கணக்கிற் பேசிவிட்டு, எதிர்பாராத வேளையில் தாமே அதை மூடிவிடுவார். மாணவனின் இடது கை அறிவைக் கேளாமல் கீழே போகிறதா என்று பார்ப்பதற்காக. ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இது பிடித்த போதனாமுறை. பாடம் நாவிலிருந்து கைக்கு இறங்கிவிட்டதா என்பதை அறிய வேறு சோதனை ஏது?

இதற்கிடையே, இந்த வேலையை இயந்திரத்திடமே ஒப்படைக்கும் முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. இராஜ்யங்களுக்கு மட்டுமல்ல, எஞ்சின்களுக்கும் ‘கவர்னர்’ உண்டு. 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினில் சுழலும் இரு குண்டுகளைப் பொருத்தினார். வேகம் மிகுந்தால் குண்டுகள் அகன்று விரிந்து நீராவி வாயிலை மூடும். குறைந்தால் தாழ்ந்து வாயிலைத் திறக்கும். அதே தத்துவத்தில் ஹெலிகாப்டரின் எரிபொருளையும் அடக்கியாளலாம். பெட்ரோல் எஞ்சின்களில் நெம்புகோலைத் தூக்கும்போது த்ராட்டிலும் ஓரளவு தானே திறக்கும்படி இணைப்புக் கம்பிகளை அமைத்தார்கள். முழுப் பொறுப்பையும் ஏற்ற கவர்னர் டர்பைன் எஞ்சின்களோடு பரவியது. 1955 மார்ச்சில் பிரான்சில் முதன்முதலாகப் பறந்த ‘அலூயெட் 2’ அத்தகையது. விமானி வேகத்தை ஒருமுறை நிலைநிறுத்திவிட்டால் போதும். அதன்பின் நெம்புகோல் மட்டுமே அவர் கவலை.

அலூயெட் குடும்பத்தில் வந்த ‘லாமா’ நம் இந்தியப் படைகளின் தேவையை முன்னிட்டே உருவாயிற்று. இமயத்தின் மெல்லிய காற்றிற் பறக்க வல்ல ஒரு பொறி வேண்டும் என்று நாம் கேட்டோம். 1969-இல் அது பறந்தது. பெங்களூரில் ‘சீத்தா’ என்ற பெயரில் நம்மவர் அதைக் கட்டினர். 1972 ஜூன் 21-ஆம் நாள் ழான் பூலே என்ற பிரெஞ்சு விமானி லாமாவில் 12,442 மீட்டர் உயரம் ஏறினார். எவரெஸ்ட் சிகரத்துக்கும் மேலே ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர்! உச்சியில் இறங்குவதற்காக ஆற்றலைக் குறைத்தவுடன், உறைபனிக் குளிரில் எஞ்சின் அணைந்துபோயிற்று. மீண்டும் பற்றவில்லை. கவர்னருக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. ஆள எஞ்சினே இல்லையே. பூலே நெம்புகோலைத் தாழ்த்தி, காற்று சுழற்றுகிற சுழலியை நம்பி, அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரையும் குருக்கத்திக் காயைப் போலச் சுழன்றே இறங்கி, பத்திரமாகத் தரை சேர்ந்தார். ஏறியது ஒரு சாதனை, இறங்கியது மற்றொன்று.

ஆயினும் டர்பைன் விலை உயர்ந்த பொருள். சாமானியர் ஹெலிகாப்டர் கற்க விரும்பினால் பெட்ரோல் எஞ்சினே கதி. ஃப்ராங்க் ராபின்சன் என்ற அமெரிக்கர் இதற்காகவே சிறிய, மலிவான பொறி ஒன்றை வகுத்தார். ‘ஆர்-22’ என்னும் அது 1975-இல் பறந்தது. 1979-இல் அரசாங்கச் சான்று பெற்றது. ஆள், எரிபொருள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 620 கிலோ எடைதான். சொந்த உபயோகத்துக்கென்று எண்ணிச் செய்ததைப் பயிற்சிப் பள்ளிகள் பெருவாரியாக வாங்கின. இங்கேதான் வினை வந்தது. அதன் அலகுகள் இலேசானவை. கனத்த பம்பரம் நெடுநேரம் சுழலும். இலேசான பம்பரம் விரைவில் ஓயும். எஞ்சின் தளர்ந்தால் நெம்புகோலைத் தாழ்த்த ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் அவகாசம் இல்லை. அனுபவசாலிக்குரிய கூர்மையை அந்தப் பொறி மாணவனிடமே எதிர்பார்த்தது.

இளைஞர் பலர் மாண்டனர். சுழலியின் வேகத்தைக் காக்கத் தவறுவதே சிறு ஹெலிகாப்டர்களின் கொடிய விபத்துகளுக்குத் தலையாய காரணங்களுள் ஒன்று என்று, 1982 அக்டோபரிலேயே உற்பத்தியாளர் எல்லா விமானிகளுக்கும் எச்சரிக்கை வெளியிட்டார். வேகம் நூற்றுக்கு 80-க்கும், அதனோடு ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஒன்று கூட்டி வரும் எண்ணுக்கும் கீழே போனால் மீட்சியில்லை என்ற கணக்கும் கற்பிக்கப்பட்டது. எல்லா விபத்துக்கும் இது ஒன்றே காரணமென்று சொல்லிவிடவும் முடியாது. 1992 ஜூனில் காலிபோர்னியாவில் ஓர் ஆர்-22 நடுவானில் சிதறியது. மாணவர் பாடத்தைத் திரும்பக் கேட்பதற்காகச் சிறு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை ஓடவிட்டிருந்தார். ஆசிரியர் அமைதியாக விளக்கிக்கொண்டிருக்கையில் யாதோர் அறிகுறியுமின்றி எல்லாம் முடிந்துபோனதை அந்நாடா காட்டிற்று. சுழலியின் அலகு உடலைத் தாக்கியதென்று கண்டவர்களால், அது ஏன் தாக்கியதென்று திட்டமாகச் சொல்ல இயலவில்லை.

1995-இல் அமெரிக்க அரசாங்கம் ஒரு தனி விதி செய்தது. ஆர்-22-இல் முதன்முதலாகக் கற்பவன் தனியே பறக்குமுன் ஆசிரியருடன் 20 மணி நேரம் அதே பொறியிற் பறந்திருக்கவேண்டும். சுழலியின் வேகத் தளர்ச்சியைப் பற்றித் தனிப் பாடம் கேட்டிருக்கவேண்டும். ஏற்கெனவே வேறு ஹெலிகாப்டர் ஓட்டியவரும் இப்பாடத்துக்குத் தப்பமுடியாது. அதே காலத்தில், மின்விசையால் த்ராட்டிலைத் தானே திருப்பும் கவர்னரும் இப்பொறிகளில் நிலைபெற்றது. பழுதுற்றபோதும் பயிற்சியின்போதும் தவிர அதை அணைத்துவிட்டுப் பறக்கலாகாது என்பது கட்டளை. இந்த இரண்டில் எது அதிக உயிர்களைக் காத்தது என்று கேட்பார் உண்டு. இயந்திரத்தைக் காட்டிலும் அந்த 20 மணி நேரத்துக்கே நான் சற்று அதிக மதிப்புக் கொடுப்பேன். ஆசிரியனின் பாரபட்சம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

ஏனெனில் கவர்னருக்கும் எல்லைகள் உண்டு. பயந்த மாணவன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால், அந்தச் சிறு மின்விசையால் அவன் பிடியை மீறித் திருப்ப முடியாது. த்ராட்டில் ஏற்கெனவே முழுதும் திறந்திருந்தால், பர்மா வெயிலில் ஹார்மனுக்கு இருந்த நிலைதான் கவர்னருக்கும். ஈரக் காற்றில் எஞ்சினின் கார்புரேட்டரில் பனி கட்டத் தொடங்கினால், கவர்னர் தானாகவே இன்னும் சிறிது திறந்து வேகத்தைக் காத்துக்கொண்டே வரும். குறை இருப்பதே விமானிக்குத் தெரியாது, எஞ்சின் அடைத்துக்கொள்ளும்வரை. ஆகையால் பள்ளிகளில் கவர்னரை அணைத்துவிட்டுப் பறக்கும் பாடமும் உண்டு. ஐம்பதுகளின் மாணவன் முள்ளைத் துரத்தியது போலவே இன்றைய மாணவனும் சிறிது நேரம் துரத்தவேண்டும்.

அந்தப் பொறியில் ஓர் ஊதல் வைத்திருக்கிறார்கள். சுழலியின் வேகம் நூற்றுக்கு 97 அளவுக்கு இறங்கியதும் அது கூவும். மீட்சியற்ற எல்லைக்கு இன்னும் இடைவெளி இருக்கும்போதே கூவிவிடுகிறது. ஆனால் அவ்விடைவெளியைக் கடக்க அந்த இலேசான சுழலிக்குச் சில விநாடிகளே போதும். அந்த ஒலி காதில் விழுந்ததும் மணிக்கட்டுத் த்ராட்டிலைத் திறக்க, முழங்கை நெம்புகோலைத் தாழ்த்தவேண்டும். ஆசிரியர்கள் அதை மாணவனுக்கு வேண்டுமென்றே கேட்கச் செய்து, மறுபடியும் மறுபடியும் செய்யச் சொல்கிறார்கள்.